முல்லைத்தீவிலிருந்து பேர்கனுக்கு: குடும்பமாகப் போய் இறங்கியவர்கள் முதலில் கண்டது என்ன?

முள்ளியவளைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் நோர்வேயின் பேர்கன் நகரில் கப்பல் திருத்தும் தளம் ஒன்றில் வெல்டிங் வேலை செய்கிறார். எனக்கும் பிள்ளைகள் இருவருக்கும் குடும்ப இணைவு அனுமதி கிடைத்துவிட்டது. மகள் தரம் ஐந்தில் படிக்கிறாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறாள். மகன் இவ்வாண்டுதான் தரம் ஒன்றிற் சேர்ந்தான். கார்த்திகையில் அவனுக்கு ஆறு வயது நிறையும். ஆவணியிற் புறப்படுவதா, பரீட்சையையும் மாரியையும் முடித்துக்கொண்டு தையிற் புறப்படுவதா என்பதே வீட்டில் இப்போதுள்ள பேச்சு.

விசா, சம்பளம், விலைவாசி பற்றிச் சொல்வதற்கு உறவினர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அறிய விரும்புவது வேறு. வன்னியிலிருந்து குடும்பமாக அங்கே போனவர்களுக்கு முதற் சில கிழமைகளில் கண்ணிலும் காதிலும் பட்டவை எவை? எதைக் கண்டு பிள்ளைகள் மிரண்டார்கள், எதை உடனே பிடித்துக்கொண்டார்கள்? "கடற்கரை நகரம்தானே, உங்களுக்கு என்ன புதிது?" என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் 2004 மார்கழிக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் கடல் என்பது தூரத்தில் நின்று பார்க்கும் ஒன்றாகிவிட்டது. என் பிள்ளைகள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. கணவரோ, வீட்டு யன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுதும் அந்த வீட்டிலும் பாடசாலை வாசலிலும் நிற்கப்போகிறவள் நான். ஆகையால் பெண்களும் பதில் எழுதினால் நன்று.

வற்றாப்பளை அக்கா எழுதியது:

அன்புத் தங்கச்சிக்கு, நான் பேர்கனில் பிள்ளைகளுடன் வசிக்கிறேன். கடலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் எதிர்பார்த்து வந்து முதலில் தேடுவது அதைத்தான். நம்முடைய முல்லைத்தீவுக் கரை வங்காள விரிகுடாவை நேருக்கு நேர் பார்த்துக் கிடக்கும் நீண்ட மணற்கரை. பேர்கனுக்கும் திறந்த அத்திலாந்திக் கடலுக்கும் இடையில் அஸ்கோய், சோத்ரா முதலிய தீவுகள் மறித்து நிற்பதனால், நகரத்துக்குள் வந்து சேரும் கடலில் அலை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இல்லை. மணலும் இல்லை. பாறை, அதன்மேல் கட்டிய கல்லணை, அதையொட்டிக் கப்பல், கப்பலுக்கு இந்தப் பக்கம் பேருந்துத் தரிப்பிடம், அவ்வளவுதான். துறைமுகம் நகரத்தின் நடுவே இருப்பதால் கடைக்குப் போகும் வழியிலேயே கடல் குறுக்கிடும். முதல் நாள் என் மகன் அதைப் பார்த்துவிட்டு, "நந்திக்கடல் மாதிரிக் கிடக்குது" என்றான். பார்வைக்கு அவன் சொன்னது சரி. ஆனால் களப்பைப் போல ஆழம் குறைந்தது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. கரையிலிருந்து ஓரடி தள்ளினாலே ஆளை மூடும் ஆழமும், கோடையிலும் உடலை விறைக்கச் செய்யும் குளிரும் அந்த நீரில் உண்டு.

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது, எங்கள் வீட்டிலும் அதே ஆண்டின் கணக்கு இருக்கிறது. இந்த நகரத்தைச் சுற்றி ஏழு மலைகள் என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வீடுகளிற் பெரும்பகுதி அந்தச் சரிவுகளில் அடுக்கடுக்காக ஏறி நிற்கின்றன. யன்னலில் கடல் தெரிகிறது என்பதற்காக வீடு கடலோரத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எனக்கு முதல் இரவுகளில் உறக்கம் வராததற்குக் கடலைப் பற்றிய பயமன்று, அதன் இரைச்சல் இல்லாமையே காரணம்.

அடுத்தது மழை. எல்லோரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். அத்திலாந்திக்கின் சூடான நீரோட்டம் இந்தக் கரையைத் தழுவிச் செல்வதால், தை மாதத்தின் சராசரி வெப்பநிலைகூட உறைநிலைக்குச் சற்று மேலேதான் நிற்கும், துறைமுகம் உறைவதில்லை. மழையின் சங்கதி வேறு. வன்னியில் வானம் தன் கணக்கிற் பெரும்பங்கை ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிட்டு ஆண்டின் மிச்சத்துக்குப் பெரும்பாலும் வெளித்துவிடும். இங்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் முட்டி மேலெழுந்து குளிர்ந்து அங்கேயே பொழிகிறது. ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. 2006 ஒக்டோபர் இறுதியிலிருந்து 2007 ஜனவரி வரை ஒரு நாளும் விடாமல் 85 நாட்கள் மழை பெய்ததை இந்நகரத்தவர் இன்றும் ஒரு சாதனையைப் போலச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சாரலாக, தூறலாக, காற்றோடு பக்கவாட்டிலிருந்து அடிப்பதாகப் பல விதமாய்ப் பெய்யும். குடை காற்றில் மடங்கிப் போகும்.

மழையை விட என்னை வியக்க வைத்தது, அதற்காக எவரும் எதையும் நிறுத்தாததுதான். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் மழைச்சட்டையும் இறப்பர்ச் சப்பாத்தும் மாட்டிக்கொண்டு சேற்றில் குந்தியிருந்து விளையாடுகிறார்கள். ஆசிரியைகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "மழை விடட்டும்" என்று திண்ணையில் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே அப்படிக் காத்திருந்தால் புரட்டாதியில் வீட்டுக்குள் போனவர் பங்குனியில்தான் வெளியே வர நேரிடும். உண்மையில் சிரமப்படுவது பிள்ளைகளல்லர், தாய்மார்தான். பிள்ளைகள் இரண்டு கிழமைக்குள் மழையை மறந்துவிடுவார்கள்.

காதில் விழுபவை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை எவரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், ஆகையால் நான் சொல்லி வைக்கிறேன். டிசம்பர் 31 இரவு வீட்டுக்கு வீடு வாணவெடி கொளுத்துவார்கள். நள்ளிரவில் மலைகளுக்கிடையே அந்த ஓசை எதிரொலித்துப் பல மடங்காகும். ஜனவரியிலும் ஜூனிலும் இரண்டாவது புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நாடு முழுவதும் அபாயச் சங்கை ஒலிக்கவிட்டுச் சோதிப்பார்கள். மே 17 அவர்களுடைய தேசிய நாள். அன்று காலை பீரங்கி வேட்டும் கேட்கும். 2009 வரை வன்னியில் இருந்த எவருக்கும் இந்த மூன்றும் எப்படிப் படும் என்று நான் விளக்கத் தேவையில்லை. நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் எதனால் சத்தம் வருகிறது என்று முன்னரே தெரிந்திருந்தால் கை நடுங்குவது பாதியாகக் குறையும். இளவேனிலில் தெருவில் முரசொலி கேட்டால் மட்டும் யன்னலைத் திறந்து பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்நகரத்துக்கே உரிய பிள்ளைகளின் அணிகள் மரத்தாற் செய்த துப்பாக்கியும் முரசுமாக வரிசையிற் போவார்கள்.

என் கருத்து, ஆவணியில் வாருங்கள். அப்போது இரவு எட்டு, ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இருள் கிழமைக்குக் கிழமை சிறிது சிறிதாக வரும். பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

இரணைமடுக்காரன் எழுதியது:

அக்கா சொன்ன கடைசிப் பகுதியில் மட்டும் நான் வேறுபடுகிறேன். நானும் மனைவியும் கைக்குழந்தையும் தை மாதத்தில் வந்தோம். பேர்கன் வட அகலாங்கு 60 பாகையில் இருக்கிறது. நம் ஊர் ஏறத்தாழ ஒன்பதில். நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலந்தான் வேறுபாடு. இங்கே மார்கழியில் பகல் ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவு, ஜூனில் பத்தொன்பது மணித்தியாலத்தைத் தொடும். தையில் வந்தவனுக்கு, இதற்குமேல் இருட்டாகாது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஒவ்வொரு கிழமையும் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும். சித்திரை முதல் ஆனி வரை மழையும் ஒப்பீட்டளவிற் குறைவு. ஆவணியில் வருகிறவர்களோ வந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் இருட்டுக்குள் இறங்குகிறார்கள். என்னுடன் மொழி வகுப்பில் இருந்தவர்களில் கார்த்திகையில் சோர்ந்து போனவர்கள் பலர் கோடையில் வந்தவர்களே. பாடசாலைப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம், அதை மறுக்கவில்லை.

குளத்து ஊர்க்காரன் என்ற முறையில் இன்னொன்று. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதை நம்ப எனக்குச் சில நாட்கள் பிடித்தன. நகரத்தை ஒட்டி மலைகளுக்கிடையே ஸ்வார்த்தெதீக்கெ என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. குடிநீரில் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது, அதன் ஓரமாக நடந்து போகலாம். நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கும் மலைகளில் தேக்கிய நீரிலிருந்தே கிடைக்கிறது. வீட்டைச் சூடாக்குவதும் அந்த மின்சாரந்தான். மழை குறைந்தால் கட்டணம் ஏறும் என்று இங்குள்ளவர்கள் கவலைப்படுவதைக் கேட்டபோது, குளம் நிரம்பி வான் பாயுமா பாயாதா என்று அணைக்கட்டில் நின்று பேசும் நம் ஊர்ப் பெரியவர்களின் நினைவு வந்தது.

நாயாற்றுக் கரைவலை எழுதியது:

கடலைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் தகப்பனார் நாயாற்றில் கரைவலைத் தொழில் செய்தவர். நான் இப்போது அஸ்கோயில் இருக்கிறேன், நகரத்துக்குப் பாலத்தால் போய் வருகிறேன்.

பேர்கன் கருவாட்டால் எழுந்த நகரம் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன், அறிந்த அன்றிலிருந்து இந்த ஊரின் மேல் எனக்கு ஒரு தனிப் பற்று. வடக்கே லொஃபோதன் தீவுகளில் மாசியிலிருந்து வைகாசி வரை கொட் மீனைத் தலை வெட்டி, குடல் நீக்கி, உப்பே இடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் காய வைக்கிறார்கள். அந்தக் குளிர்காற்றில் ஈ மொய்ப்பதில்லை, மீன் அழுகுவதுமில்லை. மரக்கட்டை போல இறுகிவிடும். அது படகேறித் தெற்கே பேர்கனுக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும். தானியம் திரும்பி வரும். ஹன்சா என்ற ஜெர்மானிய வணிகக் கூட்டத்தார் 1360 அளவிலிருந்து 1754 வரை இதற்காகவே இங்கு நிலையமொன்று வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் சிவப்பும் மஞ்சளுமாக வரிசையாய் நிற்கும் பிரிக்கன் மரவீடுகள் அந்த வணிகத்தின் மிச்சம். 1702 தீயில் எரிந்தபின் திரும்பக் கட்டியவை, 1979 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகும்போது இது நம் மீன்வாடியில் நடக்கும் தொழிலின் பெரிய வடிவந்தான் என்று சொல்லுங்கள்.

மீன்சந்தையைக் கண்டு மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் உல்லாசப் பயணிகளுக்கானது, விலை அப்படி. கடைகளில் மீன் தோலும் முள்ளும் நீக்கிய துண்டாகவே கிடைக்கும். தலை கேட்டால் வியந்து பார்ப்பார்கள். சால்மன் எங்கும் உண்டு, ஆனால் நம்முடைய குழம்புக்கு அதில் நெய் கூட என்பது என் முடிவு. சாய் என்று ஒரு வெள்ளைச் சதை மீன் இருக்கிறது. புளிக்குழம்புக்கும் பொரியலுக்கும் அதை வாங்குங்கள். சீலா, விளைமீன் வேண்டுமென்றால் ஆசியக் கடைகளின் உறைபெட்டியிற் தேட வேண்டியதுதான்.

கோடை வந்தால் கும்பளாவை ஒத்த மக்ரெல் கூட்டங் கூட்டமாகக் கரைக்கு வரும். கரையில் நின்று தூண்டில் போடுவதற்கு அனுமதிச் சீட்டுத் தேவையில்லை, ஆற்றுச் சால்மனுக்குத்தான் கட்டணமும் சீட்டும். சிறு மீன்களைத் திருப்பி விட வேண்டும் என்ற அளவு விதிகள் உண்டு. கடலுக்கு முதுகு காட்டி வளர்ந்த பிள்ளைகளை அதனுடன் பழக்குவதற்கு இதைவிட இலகுவான வழி எனக்குத் தெரியாது: கையில் ஒரு தூண்டில், உடம்பில் ஒரு மிதவைச் சட்டை. எட்டு மீற்றருக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் இருப்பவர் எல்லோரும் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். மிதவை இல்லாமல் வள்ளம் தள்ளிய பரம்பரையில் வந்தவன் என்பதால் முதலில் எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. இந்தக் குளிர் நீரில் நீச்சற்காரனுக்கும் கை கால் சில நிமிடங்களில் விறைத்துவிடும் என்று அறிந்த பின் அப்படித் தோன்றுவதில்லை.

ஓய்வுநிலை ஆசிரியர், புதுக்குடியிருப்பு எழுதியது:

மகளே, நான் அங்கு நிரந்தரமாக வாழ்பவனல்லன். என் மகளின் குடும்பத்துடன் ஒரு கோடை முழுதும் பேர்கனில் தங்கித் திரும்பியவன். பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றவன் என்பதாலும், புலமைப்பரிசில் வகுப்புகளைப் பல காலம் நடத்தியவன் என்பதாலும் உங்கள் மகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தப் பரீட்சைப் பெறுபேற்றால் அங்கே ஒரு பயனும் இல்லை. நோர்வேயில் எட்டாம் வகுப்புக்கு முன் பிள்ளைகளுக்குப் புள்ளியே போடுவதில்லை, தரவரிசை இல்லை. அவளுக்கு எழுத ஆசை இருந்து, பரீட்சை நாள் புறப்பாட்டுக்கு முன் வருமானால் எழுதட்டும், ஆனால் பரீட்சைக்காகப் பயணத்தைத் தள்ளுவதை நான் ஆதரிக்கமாட்டேன். கல்வியாண்டு அங்கு ஓகஸ்ட் நடுப்பகுதியிலே தொடங்குகிறது. ஆறு வயது நிறையும் ஆண்டிலேயே முதலாம் வகுப்பு என்பதால் உங்கள் மகன், எல்லாப் பிள்ளைகளும் புதியவர்களாக நிற்கும் அந்த முதல் நாளிலேயே தானும் ஒரு புதியவனாக நிற்க முடியும். தையிற் போனால், நட்புகள் உருவாகி முடிந்த வகுப்புக்குள் மொழியும் தெரியாமல் நுழைவான். வெளிச்சத்தைப் பற்றித் தம்பி சொன்னது பெரியவர்களுக்குப் பொருந்தும்; பிள்ளைகளுக்குக் கூட்டாளிதான் வெளிச்சம்.

நீச்சலைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். அது அங்கே உடற்கல்விப் பாடத்தின் பகுதி. நான்காம் வகுப்பு முடிவதற்குள் நீந்தவும் மிதக்கவும் கற்றிருக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். மகள் ஐந்தாம் வகுப்பிற் சேர்வதால் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்பாள். முதற் சந்திப்பிலேயே வகுப்பாசிரியரிடம், இந்தப் பிள்ளைக்கு நீந்தத் தெரியாது, காரணம் இது என்று மறைக்காமற் சொல்லுங்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். எனக்கு அது கடைசி வரை காதிற் குத்தியது, பிள்ளைகளுக்குக் குத்தவில்லை.

இன்னுமொன்று. பிள்ளைக்குக் கை நீட்டுவது அங்கே பெற்றோருக்கும் 1987 முதல் சட்டப்படி தடை. பிரம்பைப் பிடித்தே பாடம் நடத்திய தலைமுறையைச் சேர்ந்தவன் இதைச் சொல்கிறேன்: போன பின் அறிந்துகொள்வதற்காக இதை விட்டு வைக்க வேண்டாம், பாட்டன் பாட்டிமார் உட்பட எல்லோரும் புறப்படும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

முள்ளியவளைவாசி எழுதியது:

அக்காவுக்கும் தம்பிமாருக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு கணவரிடம் கேட்டேன். வீடு மலைச்சரிவில், வீதியிலிருந்து படியேறிப் போக வேண்டுமாம். இதை ஏன் முன்னர் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, படி ஏறுவதைச் சொன்னால் வரமாட்டேன் என்று நினைத்தாராம். ஆவணி என்று ஏறத்தாழ முடிவு செய்துவிட்டோம். மகள் பரீட்சை எழுதிவிட்டு வருவாள், பெறுபேற்றை அங்கிருந்து பார்ப்பாள். அக்கா, பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்பதை மட்டும் சொல்லுங்கள். அம்மா ஏற்கெனவே கம்பளி உடுப்பு, குடை, நெய், ஒடியல் மா என்று அடுக்கத் தொடங்கிவிட்டார்.

வற்றாப்பளை அக்கா எழுதியது:

குடையை எடுத்து வெளியே வையுங்கள். நெய்யும் வேண்டாம், இறைச்சி, பால் சார்ந்த பொருட்களை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கொண்டுவர அனுமதியில்லை, விமான நிலையத்தில் எடுத்து எறிந்துவிடுவார்கள். மிளகாய்த்தூள் உங்கள் கையால் வறுத்து இடித்ததே வரட்டும், கடைத்தூள் இங்கும் கிடைக்கும். ஒடியல் மாவும் புழுக்கொடியலும் கட்டாயம். கூழ் காய்ச்சும் நாளில் எனக்கும் சொல்லியனுப்புங்கள்.

உடுப்பை அங்கே வாங்கவே வேண்டாம். ஊரில் விற்கும் கம்பளி தடிப்பாக இருக்கும், ஈரம் பட்டால் காயாது. இங்கே உடம்போடு ஒட்டும் மெல்லிய ஆட்டு உரோம உள்ளாடை, அதன்மேல் ஒரு சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத மழை உடுப்பு என்று அடுக்காக அணிவார்கள். பிள்ளைகளுடையவை பாவித்தவையாக மலிவான விலைக்குக் கிடைக்கும், ஒவ்வோராண்டும் அளவு மாறுவதால் புதிது வாங்குவது வீண். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் சனிக்கிழமை வந்திறங்குவதாயிருந்தால் கணவரிடம் முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பைகளில் தொங்கவிடும் ஒளி தெறிக்கும் பட்டி இருளில் வாகனச் சாரதிகளின் கண்ணிற் படுவதற்கானது, மூவருக்கும் வேண்டும். வெயில் குறைவதால் இங்குள்ளவர்கள் இலையுதிர் காலம் தொடங்கியதுமே மீனெண்ணெய் குடிக்கிறார்கள். நம்முடைய நிறத்துத் தோலில் வெயிலால் உண்டாகும் விற்றமின் டி இன்னும் குறைவு, ஆகவே குடும்ப வைத்தியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியரிடம் கட்டணம் இல்லை.

பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள் ஆகியவற்றின் மூலப் பிரதிகளும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் வேண்டாம். அனுமதிக் கடிதத்தில் எந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்று எழுதியிருக்கும்; பயணச்சீட்டு எடுக்கும் முன் அதை இன்னொருமுறை பாருங்கள்.